பூக்காத அங்கப்பன்

பெரிய மனிதர்களின் பெயரைத் தெருவுக்கு வைப்பார்கள், சத்திரத்துக்கு வைப்பார்கள். அங்கப்பனின் பெயரை ஒரு ரோஜாச் செடிக்கு வைத்திருந்தார்கள். வைத்தது அவருடைய சொந்த அத்தை மாரியாத்தாள். அத்தை போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தச் சங்கதி அவருக்குத் தெரிய வந்தது. தெரிந்த நாளிலிருந்து மனுசன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அங்கப்பனுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம், பங்காளி சுப்பண்ணனோடு பொதுவில் ஒரு கிணறு, அந்தக் கிணற்றில் யார் எந்த நாள் தண்ணீர் இறைப்பது என்பதில் ஒரு தீராத சண்டை, இவ்வளவும் அப்பா வைத்துவிட்டுப் போனவை. அவராகச் சேர்த்தது என்று பார்த்தால் ஆரம்பங்கள்தான். ஒரு காரியத்தை ஆரம்பிப்பதில் அவரை மிஞ்சக் கோயமுத்தூர் ஜில்லாவில் ஆள் கிடையாது. உக்கடத்தில் சோடாக் கம்பெனி ஆரம்பித்தார். பெயர்ப் பலகைக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் கோடை போய் மழை பிடித்துக்கொண்டது. பொள்ளாச்சியில் கொப்பரைக் கடை போட்டார். கடைக்குப் பால் காய்ச்சிய அளவுக்குக் கொப்பரை காயவில்லை. வால்பாறைக்கு பஸ் விட்டார். மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, மேளம் கொட்டிப் புறப்பட்ட பஸ் மலையடிவாரம் வரைக்கும் அழகாகப் போயிற்று. முதல் கொண்டை ஊசி வளைவைப் பார்த்ததும் நின்றது, திரும்பி வந்துவிட்டது. பைக்காரா மின்சாரம் வந்து ஊரில் நாலு பேர் மில் கட்டிக்கொண்டிருந்த வருசங்களில் அங்கப்பனும் மில் கட்டுவதைப் பற்றி நிறையப் பேசினார்.

கெட்ட மனுசர் இல்லை. யாரையும் ஏமாற்றியதில்லை, யாரிடமும் கையை ஓங்கியதில்லை. ஆனால் ஊரில் யாராவது "அங்கப்பன் என்ன பண்றாருங்க?" என்று விசாரித்தால், பதில் சொல்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டுத்தான் பதில் வரும். அந்தச் சிரிப்பு அவருக்கும் தெரியும். தெரியாதது போல இருந்துவந்தார்.

அவருக்கு ஐந்து வயதில் அம்மா இறந்துபோனாள். குழந்தை இல்லாத அத்தை, புருசனையும் இழந்து புலியகுளத்தில் தனியாக இருந்தவள், அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தாள். அவர் கல்யாணமாகிக் கிணத்துக்கடவுக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போதுதான் அவள் வாசலிலும் புழக்கடையிலும் ரோஜா வைக்க ஆரம்பித்தாள். அவள் பூ வைத்துக்கொள்ள முடியாதவள். பூத்ததையெல்லாம் கோனியம்மனுக்கும் பக்கத்து மாதா கோயிலுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவாள். அங்கப்பன் எப்போதாவது வருவார். வந்தால் அடுத்து ஆரம்பிக்கப் போவதைப் பற்றித்தான் பேசுவார். செடியைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

அத்தை ஆடியில் இறந்தாள். மகளைக் காங்கயத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஊரில் சுப்பண்ணனின் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. அங்கப்பன் மனைவி குழந்தையம்மாளை அழைத்துக்கொண்டு புலியகுளத்து வீட்டுக்கே குடிவந்தார். கடைசி இரண்டு வருசம் அத்தை படுத்த படுக்கையாக இருந்ததால் தோட்டம் காடாகக் கிடந்தது. வாசலில் இருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் வேட்டியை நாலு இடத்தில் முள் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தடவை நின்று நிதானமாக விடுவித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

வந்த வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டு விமலாராணி கூடையோடு வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பீடத்தில் வைக்கப் பூ கொண்டுபோவது பத்து வருசத்துப் பழக்கம். நல்ல மரியாதை தெரிந்த அம்மாள். அந்தப் பக்கத்தில் காக்காயை விரட்டினாலும் "போங்க" என்றுதான் விரட்டுவார்கள். விமலாராணி அதற்கும் ஒரு படி மேலே. செடிகளைச் சுற்றி வந்துவிட்டு, குழந்தையம்மாளிடம் சொன்னார்:

"இந்த வாரம் மயிலாத்தாளுங்க ஒண்ணுமே குடுக்கலீங்க. சுப்பண்ணந்தானுங்க ரெண்டு பூ குடுத்தாரு."

அங்கப்பன் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். மயிலாத்தாள் என்பது அவருடைய மாமியார். சுப்பண்ணன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு பேரும் எப்போது இங்கே வந்து பூ கொடுத்தார்கள்?

விமலாராணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தைதான் தனியாக இருக்கிறோமே என்று ஒவ்வொரு செடிக்கும் ஒரு சொந்தக்காரர் பெயரை வைத்திருந்தார் என்றும், குணத்தைப் பார்த்துத்தான் வைப்பார் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். இலைக்கு அடியில் முள்ளை மறைத்து வைத்திருக்கும் சிவப்புச் செடி மயிலாத்தாள். வேலியைத் தாண்டி அடுத்தவன் மண்ணில் வேர் விடப் பார்க்கும் மஞ்சள் செடி சுப்பண்ணன். வாசல்படியோரம் சின்னதாக, வருசம் பூராவும் பூத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரெல்லாம் பறித்துக்கொண்டு போகும் பன்னீர் ரோஜா குழந்தையம்மாள். இதைக் கேட்டுக் குழந்தையம்மாள் புடவைத் தலைப்பால் ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அங்கப்பன் தொண்டையைச் செருமினார். கேட்கவும் வேண்டும், கேட்பதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. எங்கோ பார்த்துக்கொண்டே, தன் பேரிலும் ஏதாவது உண்டா என்று விசாரித்தார். விமலாராணி கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, கோயில் மணியடித்துவிடும் என்று சொல்லி வேகமாகப் போய்விட்டார்.

கிணற்றடியில் இருந்ததுதான் தோட்டத்திலேயே பெரிய செடி. அடித்தண்டு மணிக்கட்டுப் பருமன். ஆள் உயரத்துக்கு மேலே போய், சுவர் மேல் ஏறி, துவைக்கிற கல்லின் மேல் குடை விரித்து நின்றது. அங்கப்பன் அதை அண்ணாந்து பார்த்தார். அத்தைக்குத் தன்மேல் எவ்வளவு மதிப்பு இருந்திருந்தால் இத்தனை செடியையும் விட்டுவிட்டு இதற்குத் தன் பெயரை வைத்திருப்பாள் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பூ இல்லை. அதனால் என்ன, புரட்டாசி மாதம் எந்தச் செடிதான் கொத்துக் கொத்தாகப் பூத்தது?

மறுநாளிலிருந்து அங்கப்பனுக்கு அங்கப்பனைக் கவனிப்பதே வேலையாகிவிட்டது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினார். ஆட்டாம்புழுக்கை வாங்கி வந்து போட்டார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சற்று உப்பு; மற்ற செடிகளுக்கு அது போதும் என்று விட்டுவிட்டு, தன் செடிக்கு மட்டும் தெருக்குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வந்து ஊற்றினார். சோறு பொங்கக் கொண்டுவந்த தண்ணீர் அது என்று குழந்தையம்மாள் முணுமுணுத்தாள்.

குழந்தையம்மாளுக்கு இதில் வேறொரு சங்கடம். புருசன் பெயரைச் சொல்லக் கூடாது. மற்ற செடிகளைச் சுப்பண்ணன், மயிலாத்தாள் என்று வாய் நிறையச் சொல்ல முடிந்தது. இந்தச் செடியை என்னவென்று சொல்வது? வீட்டுக்காரரைச் சொல்வது போலவே "அவிய" என்று சொல்லிவைத்தாள். அதிலிருந்து அந்த வீட்டில் யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது ஒருவருக்கும் விளங்காமல் போயிற்று. அவியளுக்குக் காத்தாலயே புண்ணாக்குக் கரைச்சு ஊத்தியாச்சு என்று அவள் யாரிடமோ சொல்ல, கேட்ட மோர்க்காரி இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை. அவிய மேல பூச்சி புடிச்சிருக்குது, சாம்பல் போடோணும் என்று ஒரு நாள் சொன்னாள். அன்றைக்கு அங்கப்பன் குளித்துவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தார். தன் மேல் எங்கே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் அவள் தெரியாமல் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா என்பது அவளுக்கே வெளிச்சம்.

ஐப்பசி பிறந்ததும் விமலாராணி கத்தரிக்கோல் பேச்சை எடுத்தார். மழைக்கு நடுவில் வெயில் காய்கிற நாளாகப் பார்த்துச் செடிகளைக் கவாத்து செய்ய வேண்டும், பழைய கிளையை வெட்டினால்தான் புதுத் துளிர் வந்து பூக்கும் என்றார். அங்கப்பன் அத்தையின் கத்தரியைச் சாணை பிடித்து எடுத்துக்கொண்டு இறங்கினார்.

முதலில் சுப்பண்ணன். ஊரில் கிணற்றுத் தண்ணீரில் தன் முறையைத் திருடியவனை இத்தனை வருசமாக ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் இருந்த கோபம் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. முழங்கால் உயரத்துக்கு மேலே ஒரு குச்சி மிச்சம் வைக்கவில்லை. "இனிமே ராத்திரியில மடை திருப்புவியாடா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினார். அடுத்தது மாமியார். மனைவி பக்கத்தில் நின்றதால் இங்கே மரியாதையாக நடந்துகொண்டார். ஆனால் அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போன நேரத்தில் இரண்டு பெரிய கிளை போயிற்று. வாசல்படியோரத்துப் பன்னீர் ரோஜாவை அளவாக நறுக்கினார். கடைசியில் கிணற்றடிக்கு வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெட்டுகிற மாதிரி ஒரு குற்றமும் அதில் கண்ணுக்குப் படவில்லை. காய்ந்த குச்சி இரண்டை ஒடித்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

விமலாராணி மதில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மார்கழி வந்தது. சுப்பண்ணன் பூத்தான். அப்படி ஒரு பூப்பு அந்தத் தோட்டம் பார்த்ததில்லை. மொட்டையாக வெட்டின குச்சியிலிருந்து கை கையாகத் துளிர் கிளம்பி, ஒவ்வொரு நுனியிலும் மஞ்சளாக ஒரு பூ. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மயிலாத்தாளும் பின்வாங்கவில்லை, வெட்டுப்பட்ட பக்கத்தில்தான் அதிகமாகப் பூத்திருந்தாள். பன்னீர் ரோஜா வழக்கம் போல. அங்கப்பன் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றார். புண்ணாக்கும் சிறுவாணியும் அப்படியே இலைக்குப் போயிருந்தன. ஒரு மொட்டு இல்லை.

காலையில் எழுந்ததும் அவர் போய் இலையை விலக்கிப் பார்ப்பார். ஒன்றும் இராது. திரும்பி வரும்போது சுப்பண்ணன் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டிருப்பான். பங்காளியிடமிருந்து தப்பித்து ஊரை விட்டு வந்தவருக்கு இங்கேயும் அவன் தொல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விமலாராணி பெரிய கூடையாக எடுத்துக்கொண்டு வந்தார். கூடை நிரம்பிவிட்டது. எல்லாச் செடியையும் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னார். கிணற்றடிச் செடியைத் தாண்டும்போது, விட்டுவிட்டால் வருத்தப்படுவாரே என்று நினைத்தாரோ என்னவோ, "அங்கப்பனுங்க நல்லா நெழல் குடுக்கறாருங்க" என்றார்.

அந்த நிழல்தான் அங்கப்பனைக் குத்திற்று. முள்கூட அப்படிக் குத்தியதில்லை. இந்தச் செடி முன்னே எப்போதாவது பூத்ததுண்டா என்று நேராகவே கேட்டுவிட்டார். டீச்சர் கூடையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பொய் சொல்லவும் வராது, மனம் நோகச் சொல்லவும் வராது.

"நான் பார்த்ததில்லீங்க" என்றார் மெதுவாக.

அதன் பிறகு அங்கப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் இப்போது புரிந்துவிட்டதாக நினைத்தார். குணத்தைப் பார்த்துத்தானே அத்தை பெயர் வைத்தாள்? பெரிதாகக் கிளம்பும், இலை விடும், இடத்தை அடைக்கும், பூக்காது. சோடாக் கம்பெனி, கொப்பரைக் கடை, வால்பாறை பஸ். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று இத்தனை வருசம் இருந்தாயிற்று. ஆனால் அத்தையும் சிரித்தாளா? அம்மா முகம் ஞாபகம் இல்லாத அவருக்கு அம்மா என்றால் அத்தை முகம்தான் வரும். அந்த முகமும் அவர் தெருமுனை திரும்பிப் போன பிறகு, பக்கத்து வீட்டு டீச்சரிடம் இந்தச் செடியைக் காட்டிச் சிரித்திருக்குமா? இனிப் போய்க் கேட்கவும் முடியாது. அதுதான் அவரைத் தின்றது.

குழந்தையம்மாள் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஓலைப்புட்டு செய்து வைத்தாள், அவர் தொடவில்லை. வழக்கமாகக் கிண்டல் செய்கிறவள் அந்த நாட்களில் செடிப் பேச்சையே எடுக்கவில்லை.

தை பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலையில் அங்கப்பன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ஆரம்பித்த எதையும் முடிக்காதவர் என்று பெயர் எடுத்தவர், இந்த ஒரு காரியத்தையாவது வேரோடு முடிப்பது என்று கிளம்பியது போல இருந்தது. மண்ணில் கடப்பாரை இறங்கும் சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"நிறுத்து!"

அங்கப்பன் அசந்துபோய்த் திரும்பினார். விமலாராணிதான். பிறந்ததிலிருந்து அந்த அம்மாள் வாயிலிருந்து "ங்க" இல்லாமல் வந்த முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அவருக்கே தூக்கிவாரிப்போட்டுவிட்டது. "நிறுத்துங்க அண்ணா" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். பிறகு மதிலைச் சுற்றிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் வந்தார்.

எதற்காக நிறுத்த வேண்டும், அத்தை தன்னைக் கேலி செய்ய வைத்த செடிதானே என்று அங்கப்பன் கேட்டார். 

"கேலியா? யாருங்க சொன்னது?" விமலாராணி அடித்தண்டைக் கையால் பிடித்துக்கொண்டார். "ஐப்பசி வந்தா ஆத்தா கத்தரியெ எடுத்துக்கிட்டு எல்லாத்தையும் வெட்டுவாங்க. ஒருத்தரையும் உடமாட்டாங்க. இங்க வந்தா மட்டும் நின்னுருவாங்க. வெட்டுங்க ஆத்தா, வெட்டினாத்தான் பூப்பாருன்னு நானும் வருசா வருசம் சொல்லிப்போட்டேனுங்க. 'தாயில்லாத புள்ளை டீச்சரு, அவனெ நா எப்படி வெட்டறது? பூக்காட்டிப் போகுது. இருந்தாப் போதும்'னுட்டு, கத்தரியெ மடக்கிக்கிட்டுப் போயிருவாங்க."

பெயர் வைத்தபோது மற்றச் செடிகளைப் போல இதுவும் சின்னக் குச்சிதான் என்றும், வெட்டாமல் விட்டதால்தான் இப்படி ஆயிற்று என்றும் சொன்னார். வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உங்களை வெட்டாமல் வளர்த்ததால்தான் நீங்கள் பூக்கவில்லை என்று ஒரு மனுசர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று, மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாராம்.

அங்கப்பன் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். டீச்சர் நிற்கிறாரே, மனைவி வாசலில் நின்று பார்க்கிறாளே என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அத்தை செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. விமலாராணி சத்தமில்லாமல் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து அவர் எழுந்து உள்ளே போய்க் கத்தரியை எடுத்து வந்து குழந்தையம்மாளிடம் நீட்டினார்.

"நீ வெட்டு அம்மணி. என்னால ஆகாது."

இருபது வருசத்துக்கு மேல் அவரோடு குடித்தனம் செய்தவள். சோடாக் கம்பெனியின் பெயர்ப் பலகையை வீட்டில் மாட்டுத்தொழுவத்துக்குக் கதவாகப் போட்டுக்கொண்டவள். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்கு அவள் காத்திருந்திருப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கத்தரியை வாங்கினாள். ஒரு கிளையைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

"எனக்கு மட்டும் கை வருமுங்களா?" என்று கத்தரியைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

வேறு ஆள் இல்லை. அங்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். முதல் கிளை சுவர் மேல் ஏறினது, அது விழுந்தது. துவைக்கிற கல்லின் மேல் படர்ந்தது விழுந்தது. கத்தரிக்கு மசியாத தண்டுக்கு அரிவாளை எடுத்தார். முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தம், அவர் பார்க்கவில்லை. மற்றவர்களை வெட்டும்போது வாய் பேசிக்கொண்டே இருந்தவர் இப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையம்மாள் விழுந்ததையெல்லாம் இழுத்து ஒரு பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் வெயில் வந்து விழுந்தது. சுப்பண்ணனை வெட்டின உயரமும் தாண்டி, அதற்கும் கீழே அவர் அரிவாளை வைத்தபோது அவள் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதுமுங்க. அவியளை இதுக்கு மேல வெட்டாதீங்க. எனக்கு வேணுமுங்க."

அங்கப்பன் அரிவாளைக் கீழே வைத்தார்.